நாலு விரல் உயரம்

சண்டை முடிந்து இரண்டாவது வருடம். எல்மோ முழங்காலைத் தடவியபடியே சைக்கிளைப் பக்கீரின் சைக்கிள் திருத்தும் கடைக்குள் தள்ளிவந்தார்.

"சீற் பதிவாக் கிடக்கு. அதான் முழங்கால் நோவுது," என்றார் பக்கீர். "நாலு விரல் ஒசத்தினாச் சரி."

"வேணாம் நானா. ஒசத்தினாக் கால் நிலத்துல முட்டாது."

"சைக்கிள் ஓடக்கொள்ள நிலத்துல கால் என்னத்துக்கு? உழவா போறீங்க?"

எல்மோ சீற்றின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார். பக்கீருக்கு அப்போதுதான் எல்மோவின் மகன் கொலினின் நினைவு வந்தது. சண்டைக் காலத்தில், முழங்கால் நோகிறது என்ற மகனுக்கு எல்மோதான் சீற்றை உயர்த்திக் கொடுத்திருந்தார். மறுநாள் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் நில்லென்று கத்தினார்கள். பிரேக் பிடித்த கொலின், ஊன்றக் கால் எட்டாமல், சைக்கிளோடு காவலரண் பக்கம் சரிந்தான். சுட்டுவிட்டார்கள்.

பக்கீர் ஸ்பனரை எடுத்தார்.

"செக்பொயின்ற் எல்லாம் எடுத்திட்டாங்கதானே, எல்மோ. இனி ஆரும் நில்லெண்டு கத்த மாட்டாங்க. ஒசத்தட்டா?"