நீலப் பட்டை

“கையில பட்டை இல்லாதவங்க இந்த மணல்ல உக்காரக் கூடாதும்மா” என்றார் சொகுசு விடுதியின் மேலாளர்.

பிரகாசி எழுந்திருக்கவில்லை. அவள் கணவனின் படகு கவிழ்ந்து மூன்று நாளாகிறது. இந்த நீரோட்டம் எதையும் இங்கேதான் கொண்டுவந்து போடும்.

குடைகளின் கீழே எண்ணெய் பூசிய உடல்கள், கரை ஒதுங்கியவைபோல வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொரு மணிக்கட்டிலும் விடுதி கட்டிவிட்ட நீலப் பட்டை. அந்த உடல்களில் ஒன்று, கண்ணைத் திறக்காமலே காலிக் கோப்பையை அவள் பக்கம் நீட்டியது.

“கெஸ்ட் எல்லாம் முகம் சுளிக்கிறாங்க. கேட்டுக்கு வெளிய இரு. வந்தா சொல்லி அனுப்புறோம்.”

“அவுக கையிலயும் பட்டை இல்லையே சார். வந்தா திருப்பிக் கடலுக்கே அனுப்பிருவீங்களா?”

மேலாளர் காலணியிலிருந்த மணலைத் தட்டினார்.

அவள் கையை நீட்டினாள். “ரெண்டு பட்டை குடுங்க சார். எனக்கொண்ணு, அவுகளுக்கொண்ணு.”