நடுப்பகல் மணி

“உங்கடை மனிசன் ஒவ்வொரு நாளும் மத்தியானம் ஒருத்தியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு ஓடுறாராம்!”

அடுத்த வீட்டுக்காரி சொல்லி வாய் மூடவில்லை. அன்னலட்சுமி வெள்ளவத்தையிலிருந்து றிக்‌ஷா பிடித்துவிட்டாள். கணவர் தில்லையம்பலம் கிருலப்பனைக் கல்குவாரியில் வெடி வைக்கும் ஓவர்சியர்.

அவள் போய் இறங்கவும் வெடிக்கு முன் அடிக்கும் மணி ஒலிக்கவும் சரியாக இருந்தது. கல் பறக்குமென்று எல்லாரும் தகரக் கொட்டிலுக்குள் ஓடினார்கள். தில்லையம்பலம் மட்டும் எதிரேயிருந்த குடிசைக்கு ஓடி, அரிசிச் சுளகும் கையுமாக இருந்த வடிவான ஒருத்தியைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தார்.

அன்னலட்சுமி பின்னாலேயே கொட்டிலுக்குள் புகுந்தாள்.

“ஊருக்கெல்லாம் மணி, இவவுக்கு மட்டும் உங்கடை கையோ?”

“பொறுமப்பா, சொல்லுறன்...”

அதற்குள் வெடித்தது. கூரைத் தகரத்தில் கற்கள் மழையாய்க் கொட்டின. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தார்கள். அந்தப் பெண் மட்டும் திடுக்கிடவேயில்லை. சுளகை மடியில் வைத்து, நிதானமாக அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“சோமாவதிக்குப் பிறவியிலேயே காது கேளாது. மணி அடிச்சு என்ன பிரயோசனம்? போன மாசம் ஒரு கல்லு தலைக்குக் கிட்டவாப் போச்சுது,” என்றார் தில்லையம்பலம்.

அன்னலட்சுமி சோமாவதியின் முகத்தை இன்னொரு தரம் பார்த்தாள்.

“பாவம்தான். நாளையிலயிருந்து உங்கடை மத்தியானச் சோத்தை நானே கொண்டு வாறன்,” என்றாள். “கையை நான் பிடிக்கிறன். நீங்கள் மணியை அடியுங்கோ.”