நேரில் வராதவர்களுக்கு இல்லை

"இந்தப் புத்தகம் உங்களுதா, ஐயா?"

ஹிசாயோ கேட்ட தோரணையிலேயே சந்தேகம் இருந்தது. அட்டை முழுக்க இளஞ்சிவப்புப் பூக்கள். நீட்டியவருக்கோ எழுபது வயதிருக்கும். கசங்கிய கோட்டு, இரண்டு நாள் தாடி.

"என் சம்சாரத்தோடதுங்க. கினுயோன்னு பேரு. ஆஸ்பத்திரியில இருக்கா."

ஹிசாயோ உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். வந்துட்டாரய்யா அடுத்தவர்!

கியோட்டோவின் அந்த மலைக்கோயிலில் பதினோரு வருடமாக முத்திரை எழுதுகிறவள் அவள். யாத்திரிகர்கள் கொண்டுவரும் புத்தகத்தில் சிவப்பு முத்திரையைக் குத்தி, அதன்மேல் தூரிகையால் கோயில் பெயரையும் வந்த தேதியையும் எழுதித் தருவாள். இன்னார் இன்ன நாளில் வந்து கும்பிட்டார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. வராதவருக்கு எழுதினால் அது பொய்ச் சாட்சி.

போன மாதம் ஒருவன், அம்மாவுக்குப் பக்கவாதம் என்று கண்ணீர் விட்டான். இவளும் மனசு இளகி எழுதிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அவள் எழுதிய பக்கம் இணையத்தில் விற்பனைக்கு வந்துவிட்டது. தலைமைத் துறவி திட்டவில்லை. "உங்க எழுத்து நல்ல விலை போகுதே" என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டியே இருக்கலாம். அன்றைக்கே பலகை எழுதி மாட்டிவிட்டாள், நேரில் வராதவர்களுக்கு எழுதப்பட மாட்டாது என்று. சூடு கண்ட பூனை அவள்.

அந்தப் பலகையை விரலால் காட்டினாள்.

பெரியவர் போகவில்லை. தன் பெயர் குரிமோட்டோ என்றார். யாத்திரைக்குரிய பதினெட்டுக் கோயில்களில் பதினேழைக் கினுயோவே நடந்து பார்த்தாள், இது ஒன்றுதான் பாக்கி என்று சொல்லிப் புத்தகத்தை விரித்தார். பதினேழாம் பக்கத்தில் ஏப்ரல் மாதத் தேதி. இப்போது நவம்பர். அதற்கப்புறம் ஒரே ஒரு வெள்ளைப் பக்கம்.

ஹிசாயோ அதைப் பார்க்கத்தான் செய்தாள். ஆனால் இலையுதிர்காலச் செவ்விலை பார்க்க வந்த கூட்டம், வரிசை வாசல்வரை நிற்கிறது. பின்னாலிருந்த ஒரு பெண் சத்தமாகவே சொன்னாள். "இந்த மாதிரி ஆளுங்களாலதான் நமக்கெல்லாம் கெட்ட பேரு."

அதைக் கேட்டதும் ஹிசாயோவுக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

"உடம்பு தேறினதும் கூட்டிட்டு வாங்க, ஐயா. கோயில் எங்கேயும் ஓடிப்போயிடாது."

"கோயில் போகாதுங்க" என்றார் குரிமோட்டோ. தலை குனிந்து வணங்கினார். "உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேன்."

புத்தகத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு, படிகளில் பக்கச்சுவரைப் பிடித்தபடி இறங்கினார். அன்று மாலை ஹிசாயோ துறவியிடம் இந்தக் கதையைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். அவரும் தலையாட்டினார்.

டிசம்பர் பிறந்தது. இலை கொட்டியதும் கூட்டமும் காணாமல் போயிற்று. ஒரு காலை, மேசைக்கு முன்னால் ஒரே ஒரு ஆள். கறுப்புக் கோட்டு, ஒட்டச் சவரம் செய்த முகம். கழுத்திலிருந்து தொங்கவிட்ட வெள்ளைத் துணிக்குள் ஒரு பெட்டி. இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

எரித்தபின் மிஞ்சுகிற எலும்பை அப்படித்தான் தூக்கி வருவார்கள்.

ஹிசாயோவுக்கு முகம் தெரிந்துவிட்டது. பாவி, என்ன காரியம் செய்தேன் என்று தன்னையே சபித்துக்கொண்டாள். கை தானாக மையை உரைத்தது. தூரிகையைத் தோய்த்துக்கொண்டு மறு கையை நீட்டினாள்.

"புத்தகத்தைக் குடுங்க, ஐயா. எழுதறேன். இதுவரைக்கும் யாருக்கும் எழுதாத மாதிரி எழுதறேன்."

"புத்தகம் இல்லீங்களே" என்றார் குரிமோட்டோ. "அவ நெஞ்சுமேல வெச்சு அனுப்பிட்டோம். அந்த வெள்ளைப் பக்கமும் கூடவே எரிஞ்சுபோச்சு."

தூரிகையிலிருந்து மை மேசைமேல் சொட்டியது.

"அப்ப... எதுக்கு இத்தனை படி ஏறி..."

அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் ஹிசாயோ தாங்கியிருப்பாள். துணியின் முடிச்சைச் சரிசெய்து, பெட்டியை அவள் பக்கமாக மெல்லத் திருப்பினார்.

"நேர்ல வரணும்னு சொன்னீங்களேம்மா. வந்திருக்கா. எழுதவெல்லாம் வேணாம், நீங்க பார்த்துட்டா அது போதும்."