சம்பந்திக்கும் ஒரு கைப்பட்டை

"சம்பந்திக்கு மட்டும்தானா மாப்பிள்ளை? எனக்கும் ஒரு பட்டை செஞ்சு குடுங்க. மணிக்கட்டு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

அம்மா இப்படிக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள்தான் தண்ணீர் கேனை ஒற்றைக் கையால் தூக்கி வைத்தவள்!

என் வீட்டுக்காரர், வலிக்குப் போடுகிற கைப்பட்டை, இடுப்புப்பட்டை தயாரிக்கும் கம்பெனியில் அவற்றை வடிவமைப்பவர். மணிக்கட்டுக்கு அவர் செய்த இரண்டு பட்டைகளையும் முதலாளி வேண்டாமென்று தள்ளிவிட்டார்.

"மணிக்கட்டு ஆடாம பிடிக்குது, சரி. ஆனா போட்டவங்க அரை மணியில கழட்டிடறாங்களே! இன்னும் ஒரே வாய்ப்புதான். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

மனிதர் சோறு தண்ணி மறந்து மூன்றாவதைச் செய்தார். கை வலித்தாலும் தையல் மெஷினை விடாத தன் அம்மாவுக்கு அதைப் போட்டுவிட்டார்.

"எப்படிம்மா இருக்கு?"

"பூ மாதிரி இருக்குப்பா. போட்டிருக்கறதே தெரியல!" என்றார் என் மாமியார்.

இவருக்கு வாயெல்லாம் பல். ஒரு வாரமாக அதே கேள்வி, அதே பதில், அதே பல். அந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த தெருவிலிருந்து என் அம்மா வந்து இப்படி ஆரம்பித்தாள்.

"அளவெல்லாம் எடுக்க வேண்டாம் மாப்பிள்ளை. எனக்கும் சம்பந்திக்கும் ஒரே வளையல் அளவுதான்."

சரியென்று அவளுக்கும் ஒன்று செய்து கொடுத்தார். இரண்டே நாள். போன் வந்தது.

"சுண்டுவிரல் பக்கம் ஒரு எலும்பு துருத்திக்கிட்டு இருக்குல்ல? உள்ள இருக்கற தகடு அதுமேல ஏறி உக்காந்துக்குது மாப்பிள்ளை. தோலே சிவந்துபோச்சு."

இவர் போனை வைத்துவிட்டு என்னை முறைத்தார். "எங்க அம்மாவுக்கு உறுத்தாத தகடு உங்க அம்மாவுக்கு மட்டும் உறுத்துதாக்கும்?"

ஆனாலும் வாங்கி வந்து, தகட்டை நகர்த்தி, எலும்பு உட்காருகிற இடத்தில் பஞ்சைக் குடைந்து குழி செய்தார்.

அடுத்த வாரம், "வார் சதையைக் கவ்வுது மாப்பிள்ளை. விரலெல்லாம் மரத்துப்போகுது."

பல்லைக் கடித்துக்கொண்டு வாரை அகலமாக்கினார்.

அதற்கடுத்த வாரம், "உள்ளங்கையில விளிம்பு ரொம்ப மேல வருது. துணியைப் பிடிச்சு மெஷின்ல தள்ள முடியல."

"உங்க அம்மாவுக்குப் பொறாமைடி. நான் ஜெயிச்சிடுவேனோன்னு பயம்" என்று பொருமிக்கொண்டே விளிம்பைக் குறைத்து, வெளிப்பக்கமாக மடித்துவிட்டார்.

எனக்கு மானமே போயிற்று. நேராக அம்மா வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"ஏம்மா இப்படி உயிரை வாங்கறே? பாவம், அவரே நொந்துபோய்க் கிடக்கார்!"

"வலிக்குதுன்னா சொல்லக் கூடாதாடி?" என்று எனக்குக் காபி கலந்து கொடுத்தாள். குடிக்கவே பிடிக்கவில்லை.

கடைசியில், அம்மாவுக்குத் திருத்தின பட்டை மாதிரியே இன்னொன்று செய்து முதலாளியிடம் கொண்டுபோனார். முதலாளி அதைத் தன் கையிலேயே மாட்டிக்கொண்டாராம். சாயங்காலம் வரை கழற்றவே இல்லையாம்!

இவர் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்குள் பாய்ந்து வந்தார். "அம்மா! ஜெயிச்சிட்டோம்மா! எல்லாம் நீ குடுத்த தைரியம்!"

மாமியார் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து என் அம்மா பட்டன் கட்டிக்கொண்டிருந்தாள்.

இவர் அப்படியே நின்றுவிட்டார். மாமியார் கையில் அகல வார்.

"அம்மா, இது அத்தைக்குச் செஞ்ச பட்டையாச்சே! உன்னோடது எங்கே?"

மாமியார் திருதிருவென்று விழித்தார். என் அம்மா எழுந்து, வெட்டுத்துணி மூட்டைக்கு அடியிலிருந்து அந்தப் பழைய பட்டையை உருவினாள். புது வாசனைகூடப் போகவில்லை.

"கோச்சுக்காதேப்பா" என்றார் மாமியார். "ரெண்டு தடவை தோத்துட்டு வந்த உன் மூஞ்சியைப் பாத்துட்டு, 'குத்துது'ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீ ஆபீசுக்குக் கிளம்பினதும் கழட்டிடுவேன். ஒருநாள் சம்பந்தி பாத்துட்டாங்க."

இவர் மெல்ல என் அம்மா பக்கம் திரும்பினார். "அப்ப... உங்க கை வலி?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

"மெஷின்ல துணி தள்ள முடியலைன்னீங்களே! ஐயோ, உங்க வீட்ல மெஷினே கிடையாதே!"

"அது இப்பத்தான் உறைக்குதாக்கும்!" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்க எனக்குக் குடுத்ததைச் சம்பந்தி கையில மாட்டி, எங்கெங்க குத்துச்சோ, அதைத்தான் உங்ககிட்ட ஒப்பிச்சேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமும் வந்தது. "என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? உன்னை என்னவெல்லாம் பேசிட்டேன்!"

"உன் வாயில எதுடி தங்கும்? பெத்தவங்களே நல்லா இல்லைன்னு சொன்னா மனுஷன் உடைஞ்சுபோயிடுவார். மாமியார் சொன்னா? 'இந்தம்மாவுக்கு வேற வேலை இல்லை'ன்னு திட்டிக்கிட்டே சரி பண்ணிடுவார்!"

இவர் இனிப்புப் பெட்டியால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

இப்போது முழங்கால் பட்டை செய்கிறார். முதல் பட்டையை நேற்று மாமியாரின் காலில் மாட்டிவிட்டார்.

"எப்படிம்மா இருக்கு?"

"பூ மாதிரி இருக்குப்பா!"

சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டு, வாசலுக்கு வந்து என் அம்மாவுக்குப் போன் போட்டார்.

"அத்தை, கொஞ்சம் வந்து அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க. எங்க அழுத்துது?"