பேர் வேண்டாமுங்க

“பேர் வேண்டாமுங்க. மொத்தக் கடன் எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க.”

போனில் அந்தக் கேள்வி வந்ததும் பழனாத்தாள் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள். கடன் தொல்லையில் தவிப்பவர்களுக்குக் காசு வாங்காமல் ஆலோசனை சொல்லும் எண் அது. கிணத்துக்கடவில், தன் தென்னந்தோப்பின் நடுவே நின்றுகொண்டு கூப்பிட்டிருந்தாள்; சிக்னல் சரியில்லாததால் மறுமுனைக் குரல் கரகரவென்றுதான் கேட்டது.

“எனக்குக் கடனில்லீங்க அம்மணி. பையனுக்குத்தான். எவ்வளவுடான்னு கேட்டா எரிஞ்சு விழறான். ஞாயித்துக்கிழமை வாரானாம். தோப்பை அடமானம் வெக்கோணும், கையெழுத்துப் போடுங்கறான்.”

“அந்தப் பணத்துல என்ன பண்ணுவாருங்க?”

“பழைய கடனைக் கட்டுவான்.”

“போன தடவை?”

“என் நகையை வெச்சுக் குடுத்தேன். அதும் அதுக்கு முந்துன கடனுக்குத்தான்.”

“தோப்பும் போச்சுன்னா உங்க சோத்துக்கு?”

பழனாத்தாள் மரங்களை அண்ணாந்து பார்த்தாள். பத்து நாளாகத் தூக்கமில்லை. அரிசி, மாத்திரை, கரண்ட் பில் எல்லாம் அவளுக்கு அந்த நூற்று நாற்பது மரங்கள்தான்.

“மருமக என்ன சொல்றாங்க?”

“பாவம், அவ சொன்னா இவன் காதுல வாங்குவானா?”

மறுமுனையில் குரல் சட்டெனத் தணிந்தது.

“அப்போ நீங்கதான் சொல்லோணும். முடியாதுன்னு சொல்லுங்க. யார்யாருக்கு எவ்வளவுன்னு அவரை ஒரு தாள்ல எழுதச் சொல்லுங்க. எழுதுனாலே பாதி பயம் எறங்கும்.”

“பெத்த பையனுங்க.”

“பெத்தவங்க சொல்லாம வேற யாரு சொல்றதுங்க? ஒருக்கா சத்தமாச் சொல்லிப் பாருங்க.”

“முடியாது.”

“எனக்கே கேக்கலீங்க.”

“முடியாது.”

இந்த முறை தோப்பின் மறுகோடிக்கே கேட்டது. மரத்தின் மேல் காய் வெட்டிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். “எறங்கீரட்டுங்களா ஆத்தா?”

ஞாயிறு காலை மகன் கிருபாசங்கர் தன் மனைவி கீதாவோடு வந்து சேர்ந்தான். கீதா கைப்பையோடு நேரே சமையலறைக்குப் போய்க் காபிக்குப் பால் வைத்தாள். அவன் கூடத்தில் காகிதங்களை விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினான்.

“முடியாது சாமி,” என்றாள் பழனாத்தாள்.

“என்னம்மா வெளையாடறே? கடன்காரங்க பீளமேட்டுல என் பட்டறையைப் பூட்டிருவாங்க.”

“பூட்டட்டும். தோப்பையும் சேத்துப் பூட்டறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். யார்யாருக்கு எவ்வளவுன்னு ஒரு தாள்ல எழுதிட்டு வா, உக்காந்து பேசலாம். உனக்கு இங்க எப்பவும் சோறு உண்டு. கையெழுத்து கெடையாது.”

“வெளிய தலை காட்ட முடியாதும்மா.”

“கொஞ்ச நாளைக்குக் காட்டாம இரு. யாரும் தேட மாட்டாங்க.”

அவன் முகம் சிவந்தது. “இது உன் பேச்சே இல்லை. யாரு சொல்லிக் குடுத்தா?”

“போன்ல ஒரு அம்மணி.”

“நம்பரைக் குடு. குடும்பத்தைப் பிரிக்கறவகிட்ட நானே பேசிக்கறேன்.”

பழனாத்தாள் போனை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“குடுத்துருங்க அத்தை,” என்றாள் கீதா உள்ளேயிருந்து.

அவன் போனைப் பிடுங்கி அந்த எண்ணை அழுத்தினான்.

சமையலறையில் போன் மணி அடித்தது. கீதா அடுப்பை அணைத்துவிட்டு, கைப்பையிலிருந்து தன் இன்னொரு போனை எடுத்து நிதானமாகக் காதில் வைத்தாள்.

“பேர் வேண்டாமுங்க. மொத்தக் கடன் எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க.”