புது ஹெட்லைட்

மாதப்பனின் பழைய பிக்கப்பில் ஹெட்லைட் கண்ணாடிகள் மஞ்சள் பூத்துக் கிடந்தன. அந்த மங்கல் வெளிச்சத்திலேயே தக்காளி ஏற்றிக்கொண்டு வருடக்கணக்கில் காட்டுப்பாதையில் பயமில்லாமல் போய்வந்தார். "இந்தக் குருட்டு வண்டியில நான் ஏறமாட்டேனுங்க," என்று மனைவி கெம்பம்மா அடம்பிடிக்கவே இரண்டையும் மாற்றினார்.

மறுநாள் விடியுமுன் இருவரும் கிளம்பினார்கள். வளைவில் திரும்பியதும் மாதப்பன் பிரேக்கை அழுத்தினார். சாலையின் இரண்டு ஓரத்திலும் குட்டிகளோடு யானைகள், வண்டிக்கு வழிவிட்டுப் பழகியவைபோல ஒதுங்கி நின்றிருந்தன. வெளிச்சம் கண்ணில் பட்டதும் பெரியது ஒன்று காதை விரித்தது.

"தினமும் இங்கதான் நின்னிருக்குமாட்ட இருக்குதுங்க," என்றாள் கெம்பம்மா, குரலே எழும்பாமல். "லைட்ட அணைச்சுப்போடுங்க."

அணைத்தார். கண்ணை மூடிக்கொண்டே ஓட்டக்கூடிய பாதைதான். ஆனால் கால் ஆக்சிலரேட்டருக்குப் போகவில்லை. திறந்திருந்த ஜன்னல் வழியே சூடான மூச்சு ஒன்று அவர் கழுத்தில் பட்டது.