நிற்பவர் கணக்கில் சேரார்

முப்பத்தொன்பது பிள்ளைகள் மைதானத்தில் நான்கு வரிசையாக நின்றார்கள். சலவைச் சட்டை, படிய வாரிய தலை. ஒரு தலைகூட அசையவில்லை.

கண்டக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. நான்கு நாள் பயிற்சி. பஸ்ஸில் முப்பது வருஷம் கத்தியும் வராத ஒழுங்கு, ஓய்வு பெற்று ஆறு வருஷம் கழித்து இன்றைக்கு வந்திருக்கிறது.

ஓரத்துப் பெஞ்சில் நகராட்சியிலிருந்து வந்த அதிகாரி அம்மா. மடியில் மஞ்சள் கோப்பு, கையில் எண்ணும் கருவி. கட்டைவிரலால் அமுக்கினால் ‘டிக்’ என்று ஓர் எண் ஏறும். நாலரையிலிருந்து நாலே முக்கால்வரை எண்ணுவார். நாற்பது வந்தால் மைதானம் பிள்ளைகளுக்கு. ஒன்று குறைந்தாலும் கார் நிறுத்த நாலு மாடிக் கட்டடம்.

ஆறு நிமிடம் ஆயிற்று. ஒரு ‘டிக்’கையும் காணோம்.

கண்டக்டர் பக்கத்தில் போய்ப் பணிவாகக் குனிந்தார். “எண்ணியாச்சாம்மா?”

“எதை சார் எண்ண? விளையாடுறவங்களத்தான் எண்ணணும். நிக்கிறவங்க கணக்குல வர மாட்டாங்க.”

அச்சடித்த விதியை விரலால் தொட்டுக் காட்டினார். காற்றில் கோப்பின் முதல் பக்கம் லேசாகத் தூக்கியது. கண்டக்டர் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

ஒன்பது நிமிடம் இருந்தது.

“விளையாடுங்கடா!” என்றார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்கு நாளாக ‘ஆடாம நில்லு’ என்று உயிரை எடுத்த மனுஷன், இப்போது மாற்றிச் சொன்னால் அதில் ஏதோ சூது இருக்கிறது.

பழக்க தோஷத்தில் விசிலை எடுத்து ஊதினார். வரிசை இன்னும் விறைத்தது.

மைதானப் பாதுகாப்புச் சங்கத்துத் தலைவியான தையல்கடைக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். “ஏண்ணே, இது மைதானமா, பஸ் ஸ்டாண்டா? எல்லாத்தையும் ஏத்தி டபுள் விசில் குடுத்து அனுப்பிடலாம்னு பாக்குறீங்களா?”

கண்டக்டர் கீழே குனிந்து பார்த்தார். அவருடைய பேண்ட்டை ஒரு சின்னக் கை பிடித்துக்கொண்டிருந்தது.

நாற்பதாவது ஆள் அதுதான். பேத்தி. ஐந்து வயது. இரண்டு மாதம் முன்புதான் மகளோடு இங்கே வந்து சேர்ந்தாள். பிடி இல்லாமல் நான்கு எட்டு வைத்தால் ஐந்தாவதில் விழுவாள். டாக்டர் மருந்து எதுவும் எழுதவில்லை. “மண்ணுல ஓட விடுங்க. மத்த பிள்ளைங்களோட” என்று மட்டும் சொன்னார். அன்று மாலையே கண்டக்டர் சங்கத்தில் சேர்ந்தார். மறுவாரம் செயலாளர். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். கதவைத் திறந்தவர்கள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் போட்டார்கள்.

பிள்ளைகள் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் ‘பந்துமுழுங்கி’. அது அவருக்கும் தெரியும்.

ஐந்து நிமிடம்.

கண்டக்டர் பேத்தியைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த தன் வீட்டுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது இடுப்பில் பேத்தி, மறு கையில் தரையோடு இழுபட்டுவந்த ஒரு கோணிப்பை. மைதானத்தின் நடுவில் அதைக் கவிழ்த்தார்.

பந்துகள். ரப்பர், டென்னிஸ், பிளாஸ்டிக், காற்றுப் போனது, பாதி வெடித்தது. ஆறு வருஷமாக அவர் வீட்டுச் சுவரைத் தாண்டி விழுந்து, எத்தனை கெஞ்சியும் திரும்பாதவை.



“டேய், அது என்னோடதுடா! மூணாங்கிளாஸ்ல போனது!” என்று எட்டாம் வகுப்பு நெட்டையன் ஒருவன் பாய்ந்தான்.

அவ்வளவுதான். வரிசை உடைந்தது. சலவைச் சட்டைகள் மண்ணில் புரண்டன.

டிக். டிக். டிக்டிக்டிக்.

முப்பத்தொன்பதில் நின்றது.

அதிகாரி அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட இல்லை.

கண்டக்டர் பேத்தியைக் கீழே இறக்கினார். கை மறுபடி பேண்ட்டைப் பிடித்தது. ‘போ’ என்று சொல்ல வாயெடுத்தவர் மென்று விழுங்கினார். இன்றைக்கு அவர் சொன்ன எதுவும் விளங்கவில்லையே.

ஒரு சிவப்புப் பந்து உருண்டு வந்து, அவளைத் தாண்டிப் போயிற்று.

கை விட்டது.

ஓர் எட்டு. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்தாவதில் விழுந்தாள். பந்தின் மேலேயே விழுந்தாள். அதைக் கட்டிக்கொண்டு கெக்கலித்துச் சிரித்தாள்.

விழுவது விளையாட்டில் சேருமா சேராதா என்று விதியில் இல்லை. கட்டைவிரல் கொஞ்சம் யோசித்தது.

டிக்.

தையல்கடைக்காரம்மா வாய்விட்டு அழுதார். கண்டக்டரும் அழுதிருப்பார். அதற்குள் பேனா நீண்டது.

“செயலாளர் கையெழுத்து, சார்.”

“தலைவி தங்கச்சி போடட்டுமே...”

“செயலாளர்தான் போடணும்.”

போட்டார். கடைசி எழுத்தின் வாலை டிக்கெட் கிழிக்கிற மாதிரி மேலே இழுத்துவிடும் அதே கையெழுத்து. வேறு மாதிரி போட அவருக்கு வராது.

அதிகாரி அம்மா அந்த வாலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோப்பை முதல் பக்கத்துக்குப் புரட்டினார்.

மூன்று வருஷத்துக்கு முந்திய புகார் மனு. இந்தக் கோப்பே அதிலிருந்துதான் பிறந்தது. ‘மைதானத்துப் பிள்ளைகளின் கூச்சல் தாங்க முடியவில்லை. தயவுசெய்து அந்த இடத்தில் எதையாவது கட்டித் தொலைக்கவும்.’

கீழே, வாலை மேலே இழுத்த ஒரு கையெழுத்து.

கண்டக்டர் தன் செருப்பைப் பார்த்தார்.

அதிகாரி அம்மா மைதானத்தைப் பார்த்தார். காது கிழிந்தது. எல்லாக் குரலுக்கும் மேலே உச்சத்தில் கேட்டது பேத்தியின் குரல்.

“நீங்க எழுதினது சரிதான் சார்,” என்றார், கோப்பை மூடிக்கொண்டே. “சத்தம் கொஞ்சம் ஜாஸ்திதான்.”